செவலைக்கு 'இயற்கை' வைத்தியம்: ஒரு கோபப் பதிவு

பரீட்சை முடிந்ததும் கரிம வேதியியல் பற்றி ஜாலியாக ஒரு பதிவு போடலாம் என்று இருந்தேன். அதற்குள் போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸப் குரூப்பில் மாமா ஒரு படத்தை ஃபார்வர்ட் செய்தார். படத்தில் இருப்பது எங்கள் ஆச்சி வீட்டு நாய் செவலை. வாலை ஆட்டிக்கொண்டு, கொழுகொழு என்று, நன்றாகவே இருக்கிறாள். கீழே இப்படி எழுதியிருந்தது: "புற்றுநோய்க் கட்டி, கீமோ இல்லாமல், ஊசி இல்லாமல், முழுமை இயற்கை முறையில் குணமானது."

படித்ததும் போனை எறியலாம் போல இருந்தது. (எறியவில்லை. இ.எம்.ஐ. இன்னும் நான்கு மாதம் பாக்கி.)

செவலைக்கு ஐந்து ஊசி போட்டோம். ஐந்தும் கீமோ. ஊசி போட்ட இடத்தை நக்கிவிடாமல் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். அதனால் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், கொஞ்சம் சூடு. பொறுத்துக்கொள்ளுங்கள் மக்களே.

முதலில் கதை. 2024 மார்ச்சில் செவலைக்குப் பின்பக்கம் சொட்டுச் சொட்டாக ரத்தம் வந்தது. ஐந்து வயசு நாட்டு நாய், கருத்தடை செய்யாதவள். ஆச்சி பார்த்துவிட்டு, "எய்யா, அது தீட்டுதான். ரெண்டு வாரத்துல நிக்கும்" என்றாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். மூன்று வாரம் ஆகியும் நிற்கவில்லை. ஒரு நாள் வாலைத் தூக்கும்போது சிவப்பாக ஒரு சதைத் துண்டு தெரிந்தது. அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். நான் ஹாஸ்டலில் இருந்தேன். மாமா தனக்குத் தெரிந்த ஒருவரைக் கூட்டிவந்தார். வீட்டு விலங்குகளுக்கு 'முழுமை வைத்தியம்' செய்கிறவராம். பெயர், ஊர் எதுவும் இங்கே எழுதப் போவதில்லை. அவர் ஒருவரைத் திட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை, அவரைப் போல ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள்.

அவர் கட்டியைப் பார்த்தார். பத்து நிமிஷம் செவலையின் குணம், சாப்பாடு, தூக்கம், யாரிடம் பாசம், எதற்குப் பயம் என்று எல்லாம் கேட்டார். (இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.) பிறகு புற்றுநோய் என்றார். ஆஸ்பத்திரிக்குப் போனால் கட்டியில் ஊசி குத்துவார்கள், குத்தினால் பரவிவிடும், அப்புறம் கீமோ என்று விஷத்தை ஏற்றுவார்கள், நாய் தாங்காது என்றார். மாதம் 4,200 ரூபாய்க்கு ஒரு திட்டம் கொடுத்தார். மஞ்சள், மிளகு, தேங்காய் எண்ணெய் சேர்த்த களிம்பு உள்ளுக்கு. முள்ளு சீத்தா இலைக் கஷாயம் இரண்டு வேளை. பெயர் ஒட்டாத சொட்டு மருந்து ஒன்று. சோறு கூடாது, ஏனென்றால் சோறு சர்க்கரை, சர்க்கரை புற்றுநோயின் தீனி. மீன் கூடாது, கருவாடு கூடவே கூடாது. அவித்த பூசணிக்காயும் கேழ்வரகும் மட்டும்.

பிறந்ததில் இருந்து பழைய சோறும் மீன் தலையும் தின்று வளர்ந்த நாய்க்குப் பூசணிக்காய்! முதல் வாரம் மோந்து பார்த்தாள். இரண்டாவது வாரம் அதுவும் இல்லை. ஏழு வாரத்தில் 16 கிலோ நாய் 12 கிலோ ஆனது. "உடம்பில் இருக்கும் நஞ்சு வெளியேறுகிறது" என்று போனில் சொன்னார். நஞ்சு நாலு கிலோவா இருந்தது?

மே கடைசியில் நான் ஊருக்குப் போனபோது வாசலிலேயே நாற்றம். கட்டி காலிபிளவர் மாதிரி பிதுங்கி, ரத்தம் கசிந்து, ஈ மொய்த்து, ஓரத்தில் புழு வைத்திருந்தது. செவலை எழுந்து வரவில்லை. படுத்த இடத்திலேயே வால் மட்டும் இரண்டு தடவை தரையில் தட்டியது. ஆச்சி கிணற்றடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

மறுநாள் காலை ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரி. டாக்டர் புழுவை எடுத்துச் சுத்தம் செய்துவிட்டு, ஒரு கண்ணாடித் தகட்டை எடுத்துக் கட்டியின் மேல் மெதுவாக அழுத்தினார். ஊசியும் இல்லை, கத்தியும் இல்லை. ஸ்டாம்ப் பேடில் முத்திரை ஒற்றுவது போல ஒற்றி எடுத்தார், அவ்வளவுதான். சாயம் போட்டுக் காயவைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார், என்னையும் பார்க்கச் சொன்னார். வட்ட வட்டமான செல்கள், ஒவ்வொன்றின் உள்ளேயும் ஓரமாகக் குட்டிக் குட்டிக் குமிழிகள், முத்துக் கோத்த மாதிரி. பதினைந்து நிமிஷத்தில் நோயின் பெயர் தெரிந்துவிட்டது. ஏழு வாரம் கஷாயம் காய்ச்சிய யாருக்கும் தெரியாத பெயர்.

அந்த நோயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆகவேண்டும். ஏனென்றால் உலகத்தில் இவ்வளவு விசித்திரமான புற்றுநோய் ரொம்பக் கம்மி. இது நாய்க்கு நாய் தொற்றும் புற்றுநோய். கிருமி வழியாகத் தொற்றுவதில்லை. புற்று செல்லே உயிரோடு ஒரு நாயிலிருந்து இன்னொரு நாய்க்கு, இணையும்போதோ நக்கும்போதோ மோந்து பார்க்கும்போதோ ஒட்டிக்கொண்டு வளர்கிறது. 1876-லேயே நொவின்ஸ்கி என்ற ரஷ்யக் கால்நடை மருத்துவர் இதை ஒரு நாயிலிருந்து இன்னொரு நாய்க்கு ஒட்டவைத்துக் காட்டினார். சாதாரண நாயின் செல்லில் 78 குரோமோசோம். இந்தக் கட்டியின் செல்லில் 57 முதல் 59 வரைதான். அதாவது செவலையின் கட்டி செவலையின் உடம்பே இல்லை. பல ஆயிரம் வருடத்துக்கு முன்னால் செத்துப்போன ஏதோ ஒரு நாயின் செல்கள் நாய் விட்டு நாய் தாவி இன்றைக்கு எங்கள் ஆச்சி வீட்டுத் திண்ணை வரைக்கும் வந்திருக்கின்றன. 'உடம்பின் சமநிலை கெட்டதால் வந்த நோய்' என்று அந்த மனிதர் சொன்னாரே, இந்த நோய்க்கு அதைவிடப் பொருந்தாத விளக்கம் கிடையாது. பூசணிக்காய் தின்றால் சமநிலைக்கு வந்து, இன்னொரு நாயின் செல் பொட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடுமா?

தெருநாய்கள் நிறைய இருக்கும் நம் ஊர்களில் இது சர்வ சாதாரணம். அதைவிட முக்கியம், இது குணமாகும். வாரத்துக்கு ஒரு ஊசி, பெரும்பாலும் நாலு முதல் ஆறு வாரம். பத்தில் ஒன்பது நாய்க்கு மேல் கட்டி சுத்தமாகக் கரைந்துவிடும். ஒரு புற்றுநோய் டாக்டர் 'குணமாகும்' என்று தைரியமாகச் சொல்லக்கூடிய இடங்கள் ரொம்பக் குறைவு. அந்த இடத்தில் நின்றுகொண்டு நாங்கள் ஏழு வாரம் இலை காய்ச்சிக்கொண்டிருந்தோம்.

இப்போதுதான் என் கோபத்தின் உச்சக் கட்டம். டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்தை வாங்க வெளியே மெடிக்கலுக்குப் போனேன். குப்பியின் மேல் 'வின்கிரிஸ்டின்' என்று போட்டிருந்தது. வேதியியல் படிக்கிறவனுக்கு இந்தப் பெயர் தெரியாமல் இருக்காது. நித்தியகல்யாணி! ஆச்சி வீட்டுக் கிணற்றடியில் ஊதாவும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடக்கிறதே, சுடுகாட்டு மல்லி என்று சொல்லிச் சிலர் வீட்டுக்குள் வைக்க மாட்டார்களே, அதே செடி. அதன் இலையிலிருந்து எடுக்கிற மருந்து. நம் தென் மாவட்டத்து வானம் பார்த்த நிலங்களில் இதைப் பயிராகவே போட்டு, இலையையும் வேரையும் மூட்டை கட்டி மருந்துக்கு அனுப்புகிறார்கள். "செயற்கை விஷம் வேண்டாம், இயற்கைதான் தெய்வம்" என்று சொன்ன மனிதர், அந்தச் செடியைத் தாண்டித்தான் எங்கள் வீட்டுக்குள் வந்து போனார்.

"பார்த்தியா, எல்லாம் இயற்கையில் இருக்கு, அப்போ இலையையே கொடுக்கலாம்லா?" என்று மாமா கேட்டார். நிறையப் பேர் கேட்பார்கள். இதற்குப் பதில் அந்த மருந்தைக் கண்டுபிடித்த கதையிலேயே இருக்கிறது. 1952-ல் கனடாவில் ராபர்ட் நோபிள் என்ற ஆராய்ச்சியாளருக்கு, டாக்டரான அவர் அண்ணன் ஜமைக்காவிலிருந்து வந்த இந்த இலைகளை அனுப்பிவைத்தார். சர்க்கரை வியாதிக்கு அங்கே டீ போட்டுக் குடிப்பார்களாம். நோபிள் சாற்றை வாய் வழியாகக் கொடுத்துப் பார்த்தார். ரத்தச் சர்க்கரை அசையவில்லை. ரத்தக் குழாயில் ஊசியாகப் போட்டபோது விலங்குகள் கிருமித் தொற்றில் செத்தன. ஏன் என்று பார்த்தால் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சரிந்திருந்தன. சர்க்கரைக்குத் தேடியவருக்கு அங்கேதான் பொறி தட்டியது. வெள்ளை அணு கட்டுக்கடங்காமல் பெருகும் ரத்தப் புற்றுநோய்க்கு இது உதவுமா? அவரும் சார்லஸ் பீரும் சேர்ந்து 1958-ல் வின்பிளாஸ்டினைப் பிரித்து அறிவித்தார்கள். அதன் தம்பியான வின்கிரிஸ்டின் அமெரிக்காவில் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் பிரிக்கப்பட்டு, 1963-ல் மனிதர்களுக்கு அனுமதி பெற்றது. ரத்தப் புற்று வந்த குழந்தைகளுக்கு இன்றைக்கும் கொடுக்கிறார்கள்.

அந்த இலையில் நூறுக்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகள் இருக்கின்றன. நமக்கு வேண்டிய ஒன்று, ஒரு கிராம் கிடைக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். செவலைக்கு ஒரு தடவைக்குத் தேவைப்பட்டது 0.3 மில்லிகிராம், எடைக்குக் கணக்குப் போட்டது. அது ரத்தக் குழாய்க்குள் மட்டும்தான் போகவேண்டும். ஒரு சொட்டு வெளியே கசிந்தாலும் அந்த இடத்துச் சதை வெந்து அழுகும். ஒவ்வொரு வாரமும் ஊசிக்கு முன்னால் வெள்ளை அணு எண்ணவேண்டும். மூன்றாவது வாரம் செவலைக்கு எண்ணிக்கை குறைந்திருந்தது. டாக்டர் ஊசி போடாமல், "அடுத்த வாரம் வாங்க" என்று திருப்பி அனுப்பினார். கஷாயத்தில் இந்தக் கணக்கெல்லாம் எங்கே போடுவது? எந்தச் செடி, எந்த நிலம், எந்த மாதம் பறித்தது, எவ்வளவு கொதித்தது? (இதைப் படித்துவிட்டு யாரும் நித்தியகல்யாணி இலையை அவித்து நாய்க்கோ மனிதருக்கோ கொடுக்க வேண்டாம். நச்சுச் செடி. கெஞ்சிக் கேட்கிறேன்.)

அதனால் எனக்கு இயற்கையோடு சண்டை இல்லை. இயற்கையை எடை போடாமல், எண்ணாமல், நோயின் பெயர் கூடத் தெரியாமல் விற்கிறவர்களோடுதான் சண்டை. ஊசி குத்தினால் பரவும் என்ற மிரட்டலும் அப்படித்தான். சிறுநீர்ப்பைக் கட்டி மாதிரி சில இடங்களில் ஊசி குத்துவதை டாக்டர்களே தவிர்ப்பார்கள், உண்மை. அதை எடுத்து எல்லாக் கட்டிக்கும் பூசி, பரிசோதனையே செய்யவிடாமல் தடுக்கிறார்களே, ஏன்? பெயர் தெரிந்துவிட்டால் கடை மூட வேண்டும். 'முழுமை' என்கிறார்கள். நாயின் மனசு, உணவு, திசை, நட்சத்திரம் எல்லாம் அந்த முழுமைக்குள் வரும். மைக்ராஸ்கோப் மட்டும் வராது!

'ஆராய்ச்சியே நடந்திருக்கு சார்' என்று வருகிறவர்களும் உண்டு. வான்கோழி வால் காளான் என்று ஒன்று. 2012-ல் அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில், மண்ணீரலில் ரத்தக்குழாய்ப் புற்று வந்த 15 நாய்களுக்கு அதன் சத்தைக் கொடுத்து, நாட்கள் நீண்டதாகச் சொன்னார்கள். மருந்து கொடுக்காத நாய்களோடு ஒப்பிட்டுப் பார்க்காத சின்னச் சோதனை. உலகம் முழுக்கக் காளான் மாத்திரை விற்றது. அதே பல்கலைக்கழகம் பின்னால் நூறு நாய்களை ஒட்டி வைத்துப் பெரிதாகச் சோதித்து, 2022-ல் முடிவை வெளியிட்டது. கீமோவோடு சேர்த்துக் கொடுத்தும் கூடுதல் பலன் தெரியவில்லை. முதல் செய்தி எனக்கு ஐந்து முறை ஃபார்வர்டில் வந்தது. இரண்டாவது ஒரு தடவை கூட வரவில்லை, நானே தேடிப் படித்ததுதான்.

சரி, இப்போது மறுபக்கம். அந்த மனிதரிடம் மாமா ஏன் போனார்? முட்டாள்தனத்தால் மட்டும் என்று சொன்னால் நான் பொய் சொல்கிறவன் ஆவேன். அவர் செவலையைப் பற்றிப் பத்து நிமிஷம் கேட்டார் என்றேனே. ஆஸ்பத்திரியில் எங்களுக்குக் கிடைத்தது, முதல் நாள் தவிர, ஆளுக்கு மூன்று நிமிஷம். வெளியே மாடும் ஆடும் வரிசையில் நிற்கும்போது டாக்டரைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் ஊசி போட்ட பிறகு சில நாளைக்கு நாயின் மூத்திரத்தையும் மலத்தையும் வெறும் கையால் தொடக்கூடாது, மருந்து அதில் வெளியேறும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஆச்சி முதல் ஊசிக்கு அப்புறம் வெறும் கையோடுதான் திண்ணையைக் கழுவினாள். இரண்டாவது வாரம் மருந்து கலக்கிக் கொடுத்த உதவியாளர் கையுறையைக் கழற்றிக்கொண்டே போகிற போக்கில் சொன்னார். வலிக்கு என்ன கொடுப்பது, வாந்தி எடுத்தால் என்ன செய்வது, சாப்பிடாவிட்டால் எது கொடுத்துப் பழக்குவது, எதுவும் கேட்காமல் வரவில்லை. இந்த இடைவெளியில்தான் கஷாயக்காரர்கள் கடை போடுகிறார்கள். டாக்டர்கள் அந்தப் பத்து நிமிஷத்தைக் கொடுத்தால், அல்லது கொடுக்க ஒரு ஆளையாவது உட்கார வைத்தால், பாதிக் கடை மூடிவிடும்.

நோய் குணமாகாத இடத்தில் இது இன்னும் மோசம். என் ஹாஸ்டல் நண்பன் வீட்டு லாப்ரடார், ஒன்பது வயசு, முன்னங்காலில் எலும்புப் புற்று. இது செவலைக்கு வந்தது மாதிரி இல்லை. கண்டுபிடிக்கும்போதே பெரும்பாலான நாய்களுக்குக் கண்ணுக்குத் தெரியாமல் நுரையீரலுக்குப் போயிருக்கும். காலை எடுத்தால் வலி போகும், ஆனால் அதோடு விட்டால் பாதி நாய்கள் நாலைந்து மாதம் தாண்டாது. கீமோவும் கொடுத்தால் பத்து மாதம், ஒரு வருடம் வரை இழுக்கலாம். காலை எடுக்க வேண்டாம் என்று அவன் வீட்டில் முடிவு செய்தார்கள். நான் குறை சொல்லவில்லை. அது அவர்கள் முடிவு. (மூன்று காலில் நாய்கள் நன்றாகவே ஓடும் என்பது தனி விஷயம்.) ஆனால் வலி மாத்திரையும் வேண்டாம் என்றார்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "கிட்னி போயிடும், கெமிக்கல்" என்று ஒரு 'ஹோலிஸ்டிக்' ஆலோசகர் போனில் சொன்னாராம். ஆறு மாதம் கூட இருக்கப்போகாத நாய்க்கு, ஆறு வருடம் கழித்து வரப்போகும் கிட்னிப் பயம். எலும்பு சூப்பும் மஞ்சளும் கொடுத்தார்கள். மஞ்சளில் உள்ள குர்க்குமின் வாய் வழியாகக் கொடுத்தால் ரத்தத்துக்குள் போவதே சொற்பம். எலும்பை உள்ளிருந்து அரிக்கும் வலிக்கு அது எந்த மூலைக்கு?

"கத்தவே இல்லையே, வலிச்சா கத்தாதா?" என்றான் நண்பன். கத்தாது. ராத்திரி முழுக்க மூச்சிரைக்கும். ஒரே இடத்தை நக்கிக்கொண்டே இருக்கும். படுத்தால் எழ யோசிக்கும். கூப்பிட்டால் வால் மட்டும் ஆடும். நாம் அதைப் பார்த்து 'சந்தோஷமா இருக்கான்' என்போம். டாக்டரைக் கேட்டால் நாய்க்கென்று உள்ள வலி மருந்து தருவார், எடை பார்த்து, ரத்தம் பார்த்து. நம் வீட்டு அலமாரியில் இருக்கும் மனிதர் மாத்திரையைப் போடக்கூடாது. இப்யூபுரூஃபனும் டைக்ளோஃபினாக்கும் நாயின் குடலைப் புண்ணாக்கிவிடும்.

கடைசி வாரம் அந்த லாப்ரடார் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. கருணைக்கொலை பற்றி டாக்டர் பேச்செடுத்தபோது வீட்டில் "பாவம், தானா போகட்டும்" என்றார்கள். தானாகப் போக ஒன்பது நாள் ஆனது. எது பாவம்? இதைக் கேட்டதற்காக அவன் என்னோடு இரண்டு மாதம் பேசவில்லை. பதிவைப் படித்தால் இன்னும் இரண்டு மாதம் பேசமாட்டான். பரவாயில்லை.

'முழுமை' என்ற வார்த்தையை நான் அவர்களுக்கு விட்டுக்கொடுக்கத் தயாரில்லை. செவலைக்கு உண்மையான முழுமை வைத்தியம் செய்தது யார் தெரியுமா? ஆச்சி. கண்ணாடித் தகடும் ஊசியும் கட்டியைக் கரைத்தன. மீதி எல்லாம் ஆச்சி. ஊசி போட்ட அன்று ராத்திரி திண்ணையில் பக்கத்திலேயே படுத்தாள். பூசணிக்காயைத் தூக்கி மாட்டுக்குப் போட்டுவிட்டு, சோற்றைக் குழைய வடித்து முள் எடுத்த மீனைப் பிசைந்து உருண்டை உருண்டையாக ஊட்டினாள். டாக்டர் சொன்னபடி புண்ணைக் கழுவி, ஈ மொய்க்காமல் பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டினாள். இரண்டாவது ஊசிக்குப் பிறகு கட்டி பாதியானது. நாலாவதுக்குப் பிறகு தேட வேண்டியிருந்தது. ஐந்தாவது போட்டு முடித்தபோது எடை 15 கிலோ. முடி கொட்டும் என்று பயந்தோம், கொட்டவில்லை. பெரும்பாலான நாய்களுக்குக் கொட்டாதாம். மருந்துக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் சேர்த்து ஆட்டோ இல்லாமல் 2,300 ரூபாய். கஷாயத் திட்டத்தில் ஒரு மாதத்துக்குக் கட்டியதைவிடக் கம்மி. பிறகு கருத்தடையும் செய்தாயிற்று.

அந்தக் கொழுகொழு படத்தை எடுத்ததும் நான்தான். மாமா அதை அந்த மனிதருக்கு அனுப்பியிருக்கிறார், "நாய் நல்லா இருக்கு" என்று நல்ல மனசோடு. அவர் அதை விளம்பரம் ஆக்கிவிட்டார். ஆய்வுக்கூடத்தில் ஒட்டவைத்த இந்தக் கட்டிகளில் சில தானாகக் கரைந்ததுண்டு. தெருவில் இயல்பாக வந்தது அப்படிக் கரைவது அரிது. செவலைக்கு அதுவும் நடக்கவில்லை. அந்தப் படத்தைப் பார்த்து இன்னும் எத்தனை பேர் ஏழு வாரம் காத்திருக்கப் போகிறார்களோ.

மாமாவுக்குப் போன் போட்டேன். படத்தை எடுக்கச் சொல்லுங்கள் என்றேன். "விடுடே, அவரும் பொழைக்கணும்லா" என்றார்.

ஐந்து ஊசிக்கான சீட்டையும், நாலு கிலோ குறைந்ததற்கான எடைச் சீட்டையும், மே மாதம் எடுத்து நான் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்த அந்தப் புழு வைத்த படத்தையும் நேற்று ராத்திரி குடும்ப குரூப்பில் போட்டுவிட்டேன். எல்லோரும் பார்த்துவிட்டார்கள். இன்னும் யாரும் பதில் போடவில்லை.